கை பிடித்துப் பார்க்காத டாக்டர்

ஜூன் 3, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. விதை போட்ட தேதியைக் குறித்துக்கொள்ளத்தான் உரக்கடையில் இந்த டைரியைக் கொடுத்தார்கள். என் கதைக்கு எடுத்துக்கொண்டேன். சத்தமாகப் பேச வராதவள் வேறு எங்கே பேசுவது?

பாடாலூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே புதிதாக வந்திருக்கும் மருத்துவ மையத்தில் வேலை. மேலதிகாரி அரவிந்தன் சார் அதை ‘ஏஐ’ என்கிறார். ஊருக்கு அது ‘டிவி டாக்டர்’. உள்ளறையில் ஒரு திரை. அதிலிருந்து ஒரு குரல் நோயாளியைத் தமிழில் விசாரிக்கும். பிறகு திருச்சியிலிருந்து தேவயானி டாக்டர் அதே திரையில் வருவார். ஆளை உட்காரவைத்துப் பட்டனை அழுத்துவது நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி!

ஜூன் 4

நாரணமங்கலம் கருப்பண்ணன் தாத்தா வந்தார். உட்கார்ந்ததும் மணிக்கட்டைத் திரைமேல் வைத்துவிட்டார்.

“கைய புடிச்சுப் பாக்காம என்னா டாக்டரு?”

“உங்கள் பதில் எனக்குக் கேட்கவில்லை” என்றது குரல்.

“நான் இன்னும் வாயே தொறக்கலியேடா!”

கடைசியில் நானே அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாடி பற்றி எனக்கு என்ன தெரியும்? முகத்தை மட்டும் கடுமையாக வைத்துக்கொண்டேன். அதன்பிறகு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஊசி கிடையாது என்றதும்தான் கோபம். “அப்ப எதுக்கு என்னைய சட்டைய கழட்ட வச்ச?”

நான் கழட்டச் சொல்லவே இல்லை.

ஜூன் 6

ஆண்டாயி அக்காவுக்குக் காய்ச்சல். நடுங்கிக்கொண்டே உள்ளே போனார்.

“வணக்கம். நலமாக இருக்கிறீர்களா?”

“நல்லாருக்கேன் சாமி. நீ நல்லாருக்கியா? சாப்டியா?”

“மிக்க மகிழ்ச்சி. ஏதேனும் தொந்தரவு உள்ளதா?”

“ஒண்ணுமில்ல சாமி. எனக்கென்ன தொந்தரவு.”

வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டது. வெளியே வந்து, “நல்ல புள்ள, அன்பா பேசுது. மாத்திரதான் தரல” என்றார். திரும்ப உள்ளே தள்ளினேன்.

அக்காவைச் சொல்லி என்ன? நல்லாருக்கியா என்று கேட்டால் இங்கே யார்தான் இல்லை என்பார்கள்?

ஜூன் 9

அம்மாவும் அப்படித்தான். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஆனால் கொஞ்ச நாளாக நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். வெங்காய மூட்டையைத் தூக்குவதில்லை. அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு நடக்கிறாள்.

“மையத்துக்கு வாம்மா.”

“பொம்பளைக்கு ஆயிரம் இருக்கும். ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியச் சொல்றியா?”

பயமா இருக்கு. பெருசா ஏதாவது இருந்துட்டா?

ஜூன் 12

அரவிந்தன் சாருக்கு நானே போன் செய்தேன்! பேச வேண்டியதை உள்ளங்கையில் எழுதியிருந்தேன், வியர்வையில் அழிந்துவிட்டது.

“சார், நல்லாருக்கீங்களான்னு கேட்டா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க சார்.”

“வேற எப்படிம்மா கேக்கறது?”

“என்ன வேலை செய்ய முடியலன்னு கேக்கச் சொல்லுங்க சார். அத மறைக்க மாட்டாங்க.”

சொல்லி முடித்ததும் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“இரும்மா, எழுதிக்கறேன்.”

ஜூன் 18

புதுக் கேள்வி வந்துவிட்டது. இன்று மூட்டுவலியோடு வந்த ஆண்டாயி அக்காதான் முதல் ஆள்.

“எந்த வேலையைச் செய்ய முடியவில்லை?”

“குந்தி களையெடுக்க முடியல. படியேற முடியல. மருமவளை ஒரு வேல வாங்க முடியல.”

“இந்தத் தொந்தரவு எப்போதிலிருந்து?”

“அவ கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து.”

ஜூன் 21, சனி

மதியம் மையத்தில் யாரும் இல்லை. வாசலில் அம்மா! திரையை எட்டிப் பார்த்தாள்.

“இதுக்கு நம்மூர்ல யாரையாச்சும் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“ரெண்டும் இல்ல.”

“கைய கிய்ய புடிக்குமா?”

“அதுக்குக் கையே இல்லம்மா.”

“அப்பச் சரி. நீ வெளிய போ.”

கருப்பண்ணன் தாத்தா எதற்காக அதை நம்பவில்லையோ, அதற்காகவே அம்மா நம்பினாள். கதவுக்கு வெளியே நின்றேன். அந்தப் புதுக் கேள்வி காதில் விழுந்தது. அப்புறம் அம்மாவின் குரல், தாழ்வாக, நிற்காமல். என்னிடம் அவள் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. கடைசியில் தேவயானி டாக்டரின் குரலும் கேட்டது. அம்மா வெளியே வந்தாள்.

“கர்ப்பப்பை எறங்கியிருக்கும் போலன்னு சொல்றாங்க. நேர்ல பாத்தாதான் உறுதியாத் தெரியுமாம். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம்.”

“எத்தன நாளாம்மா?”

“ஒன் தம்பி பொறந்ததுலேர்ந்து. இப்பத்தான் ரொம்ப.”

தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“நீ அழுவ. அது அழுவாது.”

ஜூன் 24

பெரம்பலூர் போய் வந்தோம். பெண் டாக்டர் பரிசோதித்தார். அதேதான். பயப்பட ஒன்றுமில்லையாம், இப்போதைக்குக் கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள், தேவைப்பட்டால் ஆபரேஷன். அம்மா உள்ளே, நான் இன்றும் கதவுக்கு வெளியேதான்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றாள். கேட்க நினைத்ததைப் பாடாலூரில் இறங்கும்போதுதான் கேட்டேன்.

“அம்மா, அடுத்த தடவ நானும் உள்ள இருக்கட்டுமா? அழ மாட்டேன்.”