இலக்கற்றோர் பட்டியலில் ஏழு பிள்ளைகள்

அனுப்புநர்
ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் ஆசிரியை,
நடுநிலைப் பள்ளி.

பெறுநர்
வட்டாரக் கல்வி அதிகாரி அவர்கள்,
வட்டாரக் கல்வி அலுவலகம்.

பொருள்: தொண்டு நிறுவன வேலையைத் தேர்ந்தெடுத்த ஏழு மாணவர்கள் ‘இலக்கற்றோர்’ எனப் பதிவானதைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மூன்று மனுக்கள். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடப்பவை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகம் அனுப்பிய பாடத்திட்டத்தின்படி, சென்ற பருவத்தில் தொண்டு நிறுவனங்களைப் பற்றியும் அங்குள்ள வேலைகளைப் பற்றியும் ஆறு பாடவேளைகள் நடத்தினேன். இது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை என்று தலைமையாசிரியர் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பதால், இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

2. தொண்டு என்றால் யாரோ ஞாயிற்றுக்கிழமை வந்து பிஸ்கட் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவது என்றுதான் பிள்ளைகள் நம்பியிருந்தார்கள். லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாத நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்கு வேலை உண்டு என்று நான் சொன்னபோது கடைசி பெஞ்சு சிரித்தது. ஒரு தொண்டு நிறுவனத்தின் கண் பரிசோதனை வண்டி ஓட்டுநரை வகுப்புக்கு அழைத்து வந்தேன். அவர் தம் சம்பளச் சீட்டையே எடுத்துக் காட்டிய பிறகுதான் சிரிப்பு நின்றது.

3. பருவ முடிவில் ‘எதிர்கால வேலை’ படிவத்தில் ஏழு பேர் இவ்வேலைகளை எழுதினார்கள். கணினியில் உள்ள பட்டியலிலோ முப்பத்திரண்டு வேலைகள்தான். தொண்டு நிறுவனம் இல்லை, ‘மற்றவை’யும் இல்லை. எழுத்தர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார். வெறுமையாக விட்டால் ‘இலக்கற்றவர்’ என்று தானாக அச்சாகும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அச்சான தாளைப் படித்துப் பார்க்காமல் பெற்றோர் கையொப்பத்துக்குக் கொடுத்தனுப்பியது என் தவறு. மறுக்கவில்லை.

4. ஆறு வீடுகளில் கையொப்பம் போட்டுவிட்டார்கள். ஏழாவது வீட்டுப் பெண் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர் அந்த வீட்டுக்குப் பதினோரு முறை நடந்து, தகப்பனாரைக் கரைத்து, அவளைத் திரும்பப் பள்ளியில் சேர்த்தார். படிவத்தில் அவள் எழுதியது அந்தக் களப்பணியாளரின் வேலையைத்தான். தகப்பனார் தையற்கூடத் தொழிலாளி. தாளைப் படித்துவிட்டு என்னிடம் அவர் கேட்டது இது: “இலக்கே இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்புறம் எதுக்கு டீச்சர் அனுப்பணும்?” தாளில் எங்கள் பள்ளி முத்திரை இருந்தது.

5. பத்தொன்பது நாட்களாக அவள் வரவில்லை. தகப்பனார் கொண்டுவரும் சட்டைகளுக்கு வீட்டிலிருந்தபடி பொத்தான் தைக்கிறாள். தொடர்ந்து முப்பது நாள் வராவிட்டால் பெயரை நீக்க வேண்டும் என்பது விதி.

6. தங்கள் அலுவலகத்தில் கேட்டால், பட்டியலைத் தலைமை அலுவலகம்தான் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அங்கே கேட்டால் தங்களைக் கைகாட்டுகிறார்கள். நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். எங்கள் எழுத்தர் நல்லெண்ணத்தோடு, “டாக்டர்னு போட்டுடலாம் டீச்சர், யாரு கேக்கப் போறாங்க?” என்றார். எனக்கும் அலுத்துவிட்டதால் அதையே அவளிடம் போய்ச் சொன்னேன். ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் அவள் கேட்டாள்: “நீங்க சொல்லிக்குடுத்ததைத்தானே எழுதினேன். அப்ப அது பொய்யா டீச்சர்?” இருபத்திரண்டு வருடப் பணியில் நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

7. ஆகவே, பட்டியலில் ஒரு வரி சேர்த்து ஏழு பதிவுகளையும் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன். அதற்கு நாளாகும் என்றால், இம்மாணவிக்கு இலக்கு உண்டு என்று தங்கள் முத்திரையோடு ஒரு வரியாவது எழுதித் தாருங்கள். முத்திரை போட்ட தாளைத்தான் அவள் தகப்பனார் நம்புகிறார்.

அந்தக் களப்பணியாளர் பதினோரு முறை நடந்தார். நான் அவள் வீட்டுக்கு இதுவரை நான்கு முறைதான் போயிருக்கிறேன். மீதி ஏழு முறையும் போவேன். வெறுங்கையோடு மட்டும் அனுப்பாதீர்கள்.

சலிப்போடு, ஆனால் தங்களை நம்பி,

(கையொப்பம்)
ஏழாம் வகுப்பு ஆசிரியை

இடம்: பள்ளி ஆசிரியர் அறை
நாள்: 17ஆம் தேதி, திங்கள்

இணைப்பு: மாணவி தன் கையால் எழுதிய படிவம் – 1