விரதம் இருந்த உடம்பு

ஜூலை 6, ஞாயிறு

புகைமூட்டம். எதிர் பிளாட்டே சரியாகத் தெரியவில்லை. துவைத்த துணி எல்லாம் வீட்டுக்குள் கொடியில், எங்கும் ஈர வாடை.

போன மாதம் மூவரையும் ஆட்டிவைத்த வயிற்றுப்போக்கு எனக்கும் மகள் யாழினிக்கும் சீக்கிரமே நின்றது. இவருக்கு மட்டும் இன்னும் ஒரு நாள் போகிறது, ஒரு நாள் அடைக்கிறது. கேட்டால், "கிளினிக் டாக்டரே வைரஸ்னு சொல்லிட்டாரு. தானா போயிரும் லா." ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் திரும்பி வரச் சொன்னதும் அதே டாக்டர்தான். அது மட்டும் இவர் காதில் விழவில்லை.

வாங்க: மஞ்சள் தூள், வெள்ளை வேட்டி, சோப்பு. ஆடித் திருவிழாவுக்கு இவர் தீ மிதிக்கிறார். யாழினிக்கு யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்ததற்கு வேண்டுதல். தைப்பூசத்திலிருந்து மரக்கறிதான், ஒரு வேளைச் சாப்பாடுதான். பெக்கோக்கில் இருக்கும் இவர் அக்காவும் தம்பிக்காகக் கூடவே விரதம். எனக்கு அவர் அண்ணி. மாமியார் இல்லாத குறையைத் தீர்க்கிறவர்.

ஜூலை 10, வியாழன்

கழிவறையில் ரத்தம். சரியாகத் தண்ணீர் ஊற்றவில்லை, பார்த்துவிட்டேன். "மூலம்" என்றார். எத்தனை நாளாக என்றேன், வாளியை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார்.

அரை நாள் லீவு போட்டு கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், முகம் மாறியது. எடை போடச் சொன்னார். பழைய கார்டைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"எப்படி இவ்வளோ இறங்கிச்சு?"

"விரதம் இருந்த உடம்பு டாக்டர். இளைக்கத்தான் செய்யும்." இவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். போனிலேயே பேசி 24-ஆம் தேதிக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். அந்த அவசரம்தான் எனக்குப் பயம்.

ஜூலை 18, வெள்ளி

காப்புக் கட்டியாயிற்று. மஞ்சள் கயிறு, வலது கையில். கயிறு மணிக்கட்டில் தொளதொளவென்று சுற்றுகிறது.

அண்ணி பையோடு வந்து இறங்கினார். வந்ததும் இவருக்கென்று புதுத் தட்டு, புது டம்ளர், புதுப் பாய். காப்புக் கட்டியவர் தட்டில் வேறு யாரும் சாப்பிடக்கூடாது.

கோயிலில் எல்லாரும் இவரைப் பிடித்துவைத்துப் பாராட்டு. "முகத்துல ஒரு களை வந்துருச்சு பாருங்க." "உடம்ப எப்படி வச்சிருக்காரு!" நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பாட்டிலை விளக்கில் காட்டி, கடுகளவு புள்ளி இருந்தாலும் எடுத்து வீசுகிறவள் நான். வீட்டில் ஒரு மனிதர் பாதியானது தெரியவில்லை.

ஜூலை 24, வியாழன்

போகவில்லை. காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாதாம். ஜொகூர் பாரு எல்லைக்கு வெளியே.

காலையில் சண்டை. அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்தது. பூசாரியே போனில், "ஆஸ்பத்திரிக்குன்னா போய்ட்டு வரட்டும்மா, அம்மனுக்குத் தெரியாதா" என்றார். அண்ணிதான் விடவில்லை.

"பாதியில எல்லைய தாண்டி ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது கலா? இன்னும் பத்து நாளுதான். வைரஸ் எங்க ஓடிப் போகுது?"

இவர் பாயில் சுருண்டு படுத்திருந்தார். "வலிக்குதா?" என்றேன். "பசி" என்றார். பொய்.

ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். அடுத்த தேதி பிறகு சொல்வார்களாம். கோபம் கோபமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று மாலை தீமிதி. குழியில் ஓடாமல் நடந்தார், தலையில் கரகம். எனக்கே பெருமையாக இருந்தது. மறுமுனையில் பால்குழியில் கால் வைத்தவர் அப்படியே மடிந்து விழுந்தார். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகல்.

கூட்டம் கத்தியது. "அருளு! அருளு வந்துருச்சு!" உறுமி இன்னும் வேகமாக. யாரோ மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். ஒரு பெண் காலில் விழுந்து குறி கேட்டாள். அண்ணி கை கூப்பியபடி அழுதுகொண்டிருந்தார்.

நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே புகுந்து அவர் தலையை மடியில் வைத்தேன். வாயிலிருந்து பச்சையாக வாந்தி. வயிறு பலகை மாதிரி. அதற்குப் பிறகுதான் பூசாரி உறுமியை நிறுத்தினார். யாழினி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வண்டியில் ஏறும்போதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எல்லைய தாண்டப் போறோமா?" என்றார். எல்லாம் முடிந்துவிட்டது, காப்பு அவிழ்த்தாயிற்று என்று சொன்னேன். கயிற்றை ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்தரித்துத்தான் எடுத்தாள்.

குடலில் கட்டி. வழியை அடைத்துவிட்டது. அறுவை செய்துவிட்டார்கள். பிழைத்துவிட்டார், இப்போதைக்கு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை. ஆஸ்பத்திரி கேன்டீன் தேநீர், வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

கேன்சர்தான். டாக்டர் சின்னப் பெண், சிரம்பான்காரர், தமிழிலேயே சொன்னார். கல்லீரலிலும் ஏதோ தெரிந்ததாம், ஸ்கேன் எடுக்க வேண்டும். பத்து நாள் முன்னால் வந்திருந்தால்? கேட்டே விட்டேன்.

"அடைப்பு வர்றதுக்கு முன்னாடி பாத்திருக்கலாம். ஆனா கட்டி பத்து நாள்ல வந்தது இல்லக்கா. வருஷக்கணக்கா வளர்ந்திருக்கும்."

யாழினி போனில் எதையெதையோ படித்துவைத்திருந்தாள். "போன மாசம் வந்த வைரஸ்தான் இப்படி ஆக்கிருச்சா டாக்டர்?"

"அது இல்லம்மா. ஆனா வேற சில வைரஸுக்கு இதுல பங்கு இருக்கான்னு ஆராய்ச்சி நடக்குது. குடல்ல வாழ்ற பாக்டீரியாவுக்குள்ளயே வைரஸ் ஒளிஞ்சிருக்கும். கேன்சர் வந்தவங்ககிட்ட சில வகை கூடுதலா தெரியுதுங்கறாங்க. அதனால கேன்சர் வந்துச்சா, கேன்சர் வந்த இடத்துல அது குடியேறிச்சா, இன்னும் தெரியாது. ஆனா கேன்சர் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது."

பிறகு அண்ணியைப் பார்த்து, "அப்பா அம்மாவுக்கு இப்படி ஏதாச்சும்?"

அண்ணி தரையைப் பார்த்தார். "அப்பாவுக்கு வயித்துல கோளாறு. எஸ்டேட்ல யாரு சோதிச்சா?"

"அப்போ கூடப் பொறந்தவங்க நீங்க சீக்கிரமா செக் பண்ணிக்கணும். பாப்பாவும் அதுக்கான வயசு ஆனதும்."

வெளியே வந்ததும் அண்ணி சொன்ன முதல் வார்த்தை, "பாத்தியா, வைரஸ்தானாம்."

பேருந்தில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கிருமிக்குள் ஒரு கிருமி. எப்போது வந்தது, யாருக்குள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் யாழினி தூங்கிக்கொண்டு வந்தாள். அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இவர் வீட்டுக்கு வந்தார். கஞ்சி வைத்தேன். அண்ணி அலமாரியிலிருந்து அதே காப்புத் தட்டை எடுத்துவந்தார்.

"இதுதான் அவனுக்கு. தனியா கழுவி வை. யாழினி கிட்ட போக வேணாம்."

"ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னது கேக்கலயா அண்ணி?"

"வைரஸ்னு சொன்னது கேட்டுச்சு."

அம்மனுக்காக ஒதுக்கின தட்டில்தான் இப்போது நோய்க்காகவும் சோறு. அதை வாங்கி, அவர் மிச்சம் வைத்த கஞ்சியை நானே குடித்தேன். ருசியே இல்லை. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் மட்டும் லேசாகச் சிரித்தார்.

அண்ணி ஏன் வைரஸையே பிடித்துத் தொங்குகிறார் என்று இன்றுதான் புரிந்தது. வைரஸ் வெளியிலிருந்து வருவது. தட்டை ஒதுக்கினால் தள்ளிவைக்கலாம். அப்பாவிடமிருந்து வருவதை எதைக்கொண்டு ஒதுக்குவது? பாவமாக இருந்தது, முதல் தடவையாக.

ஆகஸ்ட் 21, வியாழன்

மறுபடி புகை. தொண்டை அரிப்பு. லீவு இனி சம்பளமில்லாமல்தான்.

ஸ்கேன் வந்தது. கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது. மருந்து ஏற்ற இன்றே சேர்த்துவிட்டார்கள். நர்ஸ் பெயர்ப் பட்டை கட்ட வந்ததும் இவர் தானாகவே வலது கையை நீட்டினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அண்ணி பெக்கோக்குக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். பையை நான் தூக்கிக்கொடுத்தேன். கையை நீட்டி வாங்கினார், வளையல்கள் மொத்தமும் முழங்கை வரை சரிந்து ஓடின. ரவிக்கையின் இரண்டு பக்கமும் ஊக்கு குத்திப் பிடித்திருக்கிறது.

"அண்ணி, ரொம்ப இளைச்சிட்டீங்க."

"விரதம் இருந்த உடம்பு கலா. இளைக்கத்தான் செய்யும்."

விரதம் முடிந்ததிலிருந்து தினமும் மீன் குழம்புதான் சாப்பிடுகிறார்.