பெயர் இல்லாத கம்பம்

ஆடி 5, திங்கள்

விடிந்ததிலிருந்து புழுக்கம். மழை வரும் போலவும் இல்லை, வராது போலவும் இல்லை. இன்று செய்ய வேண்டியவை: மாடி ஏ.சி.க்கு ஆள். ஆறாம் தறிக்கு ஜரிகை. முழங்கால் மாத்திரை. பத்து மணிக்கு நஸ்ரீன், டேஷ்போர்டு.

நஸ்ரீன் சொன்ன நேரத்துக்கு வந்தாள். ஒலிமுகமதுபேட்டைப் பெண். இரண்டு பிள்ளைகள். பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே இந்த வேலை. பேச்சில் சர்க்கரை, வேலையில் கறார். மூன்று வருடத்து பில்களைத் திரட்டி ஒரே திரையில் படமாகக் காட்டுகிறாள். தறிக்கு ஒரு கம்பம். எந்தத் தறிப் புடவை அதிகம் விற்றதோ அந்தக் கம்பம் உயரம். பக்கத்தில் ஃபில்டர்கள். டிக் போட்டால் வரும், எடுத்தால் மறையும். சல்லடைதான்.

நான் கேட்டவை:
கலர்.
கரை. பெரிய கரை தனி, சின்னது தனி.
கீழ்த்தளம், மாடி.
தறி எண்.
மாதம். இது தமிழ் மாதமாக வேண்டும் என்றேன். விழித்தாள்.

"ஜூலைன்னு போட்டா பாதி ஆனி, பாதி ஆடி. ஒரு பாதியில கல்யாணக் கூட்டம், ஒரு பாதியில ஈ ஓட்டுறோம். ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா எனக்கு என்னா தெரியும்?"

"அல்லாவே! பெங்களூர்ல ஒருத்தரும் இதைக் கேட்டதில்லக்கா" என்று சிரித்தாள். அரை மணியில் செய்தும் விட்டாள். கெட்டிக்காரி.

இவ்வளவும் எதற்கு என்றால்: எனக்கு நெய்வது ஏழு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு தறி எண். இந்த முறை வந்திருக்கும் பட்டு நூலுக்கு ஐந்து தறியில் ஏற்றத்தான் பாவு நூல் கொடுக்க முடியும். ஆடிப் பதினெட்டுக்குள் கொடுத்தாக வேண்டும், ஆவணிக் கல்யாணங்களுக்கு. இரண்டு பேரை நிறுத்த வேண்டும். யாரை?

இதுவரை முகம் பார்த்துத்தான் எல்லாம். மாம்பலத்தில் வீடு வீடாகப் புடவைப் பை தூக்கி விற்றபோது, கதவு திறப்பவள் முகத்தைப் பார்த்தே எந்தக் கலரை முதலில் பிரிப்பது என்று தெரியும். ஆனால் நெய்கிறவர்கள் விஷயத்தில் முகம் பார்த்து ஏமாந்ததே அதிகம். இனிக்க இனிக்கப் பேசுகிறவனுக்கு நல்ல பாவு, வாய் திறக்காதவனுக்கு மிச்சம். இந்தத் தடவை அப்படி இல்லை. திரை சொல்லட்டும்.

ஒரு விஷயம். ஏழு தறிக்கு எட்டுக் கம்பம். எட்டாவதுதான் எல்லாவற்றையும் விட உயரம், சாம்பல் நிறத்தில். அடியில் 'பெயர் இல்லை'.

"இது என்னா, தந்திக் கம்பம் மாதிரி?"

"தறி நம்பர் பதியாத பில்லுங்கக்கா. எங்கேர்ந்து வருதுன்னு பாத்துட்டு அப்புறம்..."

"பில் போடுற பொண்ணுங்க சோம்பேறித்தனம். குப்பை. எடுத்துடு."

"கொஞ்சம் பெரிய குப்பையா இருக்குதேக்கா."

எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வரவே கூடாது என்றேன். டிக்கை எடுத்து, அப்படியே நிலையாக வைத்துவிட்டுப் போனாள். திரை இப்போது சுத்தம். பார்க்க அழகு.

ஆடி 6, செவ்வாய்

கடையில் ஈ. செவ்வாய், போதாததற்கு ஆடி. நாள் முழுக்க ஃபில்டர்தான். டீ ஐந்து.

அரக்கு கலரை மட்டும் வைத்துப் பார்த்தேன். பிறகு கறுப்பை மட்டும். கறுப்பு இவ்வளவு போகிறதா! எல்லாம் காலேஜ் பெண்கள், ஏனாத்தூர் பக்கத்திலிருந்து. போன வருடத்து ஐப்பசி. அதற்கு முந்தின ஐப்பசி. மாடி மட்டும். கீழே மட்டும். எப்படி அரித்தாலும் கடைசியில் நிற்பது நான்காம் தறி. தாமோதரன்.

எனக்கே நம்ப முடியவில்லை. பதினோரு வருடமாக நெய்கிறான், பிள்ளையார்பாளையம். அவனும் அவன் வீட்டுக்காரி செல்வியும், ஆளுக்கு ஒரு தறி. இழை தப்பாத கை. ஆனால் வாங்குகிறவள் இழையா பார்க்கிறாள்? காலம் மாறியிருக்கலாம். வருடத்துக்கு நாலு புடவை கூடப் போகவில்லை என்கிறது திரை.

மீதியெல்லாம் எங்கே என்று ஒரு கேள்வி வந்தது. இருப்புக் கணக்கை இன்னும் இதில் இணைக்கவில்லை, அடுத்த மாதம் என்றிருக்கிறாள் நஸ்ரீன். மாடி ஏறிப் பார்த்திருக்கலாம். முழங்கால். நாலு வருடமாக மாடி, அங்கே விற்கிற கஸ்தூரியின் ராஜ்யம், முகூர்த்தப் புடவை முழுக்க அவள் கையில்.

சாயங்காலம் அவளே இறங்கி வந்தாள். "தாமு அண்ணன் புடவை எப்பம்மா வருது? மேல ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது."

இருவரும் ஒரே தெரு. சிபாரிசு. இப்படி எத்தனை பார்த்திருக்கிறேன்.

ஆடி 7, புதன்

காலையில் தூறல், மண் நனையவில்லை. தாமோதரன் வந்தான், மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாவு வாங்க. தறி நாலு நாளாகக் காலி என்றான். டீ சொன்னேன். திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

"என் பேரு எங்கம்மா?"

"கடைசியில."

குனிந்து பார்த்தான். வெகுநேரம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"நான் நெய்றது இந்தப் பொட்டிக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"பில்லு சொல்லுது தாமோதரா. நான் சொல்லல. இந்தத் தடவை பாவு இல்ல. ஐப்பசி கழிச்சுப் பாப்போம்."

"பாக்கியம்மா, ஒரு வார்த்தை. நீங்க என் புடவையப் பாத்துச் சொல்றீங்களா, இல்ல இந்தக் குச்சிங்களப் பாத்துச் சொல்றீங்களா?"

"குச்சியப் பாத்துத்தான்."

"சரிம்மா."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை. பையை மறுபடி மடித்துக்கொண்டு போய்விட்டான். டீயைத் தொடவில்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவை. டீ ஆடை படிந்து மத்தியானம் வரை மேசையிலேயே இருந்தது. எடுக்கச் சொல்லவும் தோன்றவில்லை.

சரியாகத்தான் செய்தேன். பிறகு ஏன் உட்கார முடியவில்லை என்று தெரியவில்லை. அவன் போன பிறகு அதே ஃபில்டரை நாலு தடவை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசி.

ஆடி 8, வியாழன். அமாவாசை

விரதம். இரண்டாவதாக நிறுத்த வேண்டியவன் ஏழாம் தறி. ஆள் ஊரில் இல்லை, அப்புறம் சொல்லலாம். ஏ.சி. ஆள் வந்தான், நாளை வருகிறேன் என்று சொல்ல வந்தானாம்.

கலர் ஃபில்டரில் 'மயில் கழுத்து' தனியாக வேண்டும். நஸ்ரீனிடம் சொல்ல. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆடி 9, வெள்ளி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஆடி வெள்ளி, அம்மன் கோயிலுக்கு ஊர் கொள்ளாத கூட்டம். வேலூரிலிருந்து ஒரு குடும்பம், தரிசனம் முடித்து அப்படியே கடைக்கு. ஆவணி முதல் முகூர்த்தம். ஆடியில் கூறைப்புடவை எடுப்பதா என்று அப்பாக்காரர் முனகினார். அந்தம்மா விடவில்லை.

"ஊர்லேர்ந்து இன்னொரு வாட்டி நீங்க வருவீங்களா? சும்மா இருங்க."

மாடிக்கு ஏறினார்கள். கீழே இருப்புக் கொள்ளாமல் நானும் பின்னாலேயே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

கஸ்தூரி பத்துப் பதினைந்து பிரித்துப் போட்டாள். கல்யாணப் பெண் எதையும் தொடவில்லை. கடைசியாகக் கஸ்தூரி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தாள். அரக்கு, மாம்பழக் கரை. மடிப்பு விழுந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்தது, நான்காம் தறி. பெண் கையை வைத்தாள், எடுக்கவே இல்லை. "இதும்மா" என்றாள். இரண்டு நிமிடம். பேரமும் இல்லை.

கஸ்தூரி தாம்பாளம் எடுத்தாள். மஞ்சள், குங்குமம், வெற்றிலை. புடவையை அதில் வைப்பதற்கு முன் நகத்தால் ஸ்டிக்கரை உரித்தாள். பார்கோடு, தறி எண், எல்லாம் அதில்தான். உரித்துவிட்டு பில் மிஷினில் 'முகூர்த்தம்' என்று கையால் தட்டினாள். தறி எண் கேட்ட இடத்தில் ஒன்றும் போடாமல் அடுத்ததற்குப் போனாள்.

அவர்கள் படி இறங்கும் வரை வாயை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா ஸ்டிக்கரக் கிழிக்கிற?"

"நீங்கதானேம்மா சொன்னீங்க!"

"நானா?"

"அந்த ஆரணிக்காரம்மா தாம்பாளத்தத் தள்ளிட்டுப் போனாங்களே. கூறைப்புடவை மேல சீட்டு ஒட்டிக்கினு இருக்குது, இதை எப்பிடி சாமி கால்ல வெக்கிறதுன்னு. அன்னிக்கே சத்தம் போட்டீங்க. தட்டுல வெக்கிறதுக்கு முன்ன ஸ்டிக்கர் இருந்தா உன் சீட்டக் கிழிச்சிடுவேன்னு. அன்னிலேர்ந்து உரிச்சிட்டுத்தான் வெக்கிறேன்."

நினைவு வந்தது. நானேதான். பில் மிஷின் வாங்குவதற்கு முன்பு, ஸ்டிக்கரில் விலை மட்டும் இருந்த காலம்.

கீழே வந்து 'பெயர் இல்லை'க்கு டிக் போட்டேன். தந்திக் கம்பம் திரும்ப எழுந்து நின்றது. மூன்று வருடத்து முகூர்த்தப் புடவை மொத்தமும் அதில். கடையின் முதுகெலும்பையே குப்பை என்று சொல்லி எடுக்க வைத்தவள் நான்.

நஸ்ரீனுக்கு போன். "நான் அன்னிக்கே..." என்று ஆரம்பித்தவள், என் குரலைக் கேட்டு நிறுத்திக்கொண்டாள். "எந்தப் புடவை எந்தத் தறின்னு இப்ப கண்டுபிடிக்க முடியாதேக்கா. ஸ்டிக்கர் இருந்தாத்தான்."

கஸ்தூரி பக்கத்தில் நின்றிருந்தாள். "ஸ்டிக்கர் இருக்குதேம்மா" என்றாள்.

மாடிக்குக் கூட்டிப்போய் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினாள். உள்பக்கம் முழுக்க ஸ்டிக்கர். உரித்ததையெல்லாம் அங்கேயே ஒட்டியிருக்கிறாள், வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். பக்கத்தில் பென்சிலால் ஊர்ப் பெயர். திண்டிவனம். செய்யாறு. போளூர்.

"அக்காளுக்கு எடுத்தவங்க தங்கச்சிக்கு வருவாங்க இல்ல. எந்தக் கை நெய்ததுன்னு தெரிஞ்சா அதே கைய எடுத்துப் போடலாம். சட்டுனு முடிஞ்சிடும்."

நின்றுகொண்டே பார்த்தேன். எங்கே பார்த்தாலும் 4. 4. 4.

ஆடி 10, சனி

நஸ்ரீன் வந்தாள். ஸ்கேனரை எடுத்துக்கொண்டு அலமாரிக் கதவின் முன் உட்கார்ந்தாள். "இப்பிடி ஒரு டேட்டாபேஸ் நான் பாத்ததே இல்லக்கா." கஸ்தூரி ஊரைப் படித்தாள், நஸ்ரீன் தறி எண்ணைத் தட்டினாள், கிழிந்ததை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொன்னேன். மதியம் பிரியாணி வரவழைத்தேன் இருவருக்கும். எனக்குச் சனி, தயிர்சாதம்.

நாலு மணிக்கு எல்லாம் ஏற்றியாயிற்று. 'பெயர் இல்லை' கரைந்து விரல் உயரத்துக்கு வந்தது. நான்காம் கம்பம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஏழாம் தறியும் நடுவில் வந்துவிட்டது. நல்லவேளை, ஆள் ஊரில் இல்லை. கடைசியில் இப்போது ஒன்றாம் தறி. பொங்கலுக்குப் பொங்கல் கரும்போடு வந்து "நீங்க இல்லன்னா நாங்க இல்ல" என்கிறவன்.

தாமோதரனுக்கு மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

ஆடி 11, ஞாயிறு

காலையில் ஆட்டோவில் பிள்ளையார்பாளையம், பாவை மடியில் வைத்துக்கொண்டு. தெரு முனையிலேயே தறிச் சத்தம். அவன் வீட்டிலும் கேட்டது. அப்போதே தெரிந்துவிட்டது.

செல்விதான் தறியில். எழவில்லை, நெய்வதையும் நிறுத்தவில்லை. "வாங்கக்கா. அந்தப் பொட்டியயும் இட்டாந்தீங்களா?"

தாமோதரன் உள்ளேயிருந்து வந்தான். நாற்காலி போட்டான். உட்காரவில்லை நான்.

"தப்பு பொட்டி மேல இல்ல, தாமோதரா. நான் ஒரு டிக்கை எடுக்கச் சொன்னேன். உன் புடவைங்க மொத்தமும் அதுக்குள்ள இருந்துச்சு. நீதான் மொதல்ல இருக்கற. பாவு கொண்டாந்திருக்கிறேன்."

சுவரோரம் பார்த்தான். "வேற முதலாளி பாவு ஏத்தியாச்சும்மா. வெள்ளிக்கிழமையே. ரெண்டு தறியிலயும்."

"இறக்க முடியாதா?"

செல்வி சிரித்துவிட்டாள். "உங்க கடையில தட்டுல வெச்சதத் திருப்பி எடுப்பீங்களாக்கா?"

"மூணு மூணு புடவை. ஐப்பசி ஆயிடும்" என்றான் தாமோதரன். பிறகு, "மொதல்லயே இருந்தேனாம்மா?" என்று கேட்டான்.

"மொதல்ல. பக்கத்துல ஒருத்தரும் இல்ல."

தலையை ஆட்டினான். அவ்வளவுதான். டீ வந்தது. குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது, குடித்து முடித்துத்தான் எழுந்தேன். வாசல் வரை வந்தான்.

"ஐப்பசியில பாவு குடுக்கறதா இருந்தா நீங்களே எடுத்துக்கினு வாங்கம்மா. நான் கடைக்கு வரல."

வருகிறேன் என்றேன். பாவு திரும்பவும் மடியில்.

ஆடி 12, திங்கள்

வெயில். ஏ.சி. சரியாயிற்று, ஒருவழியாக.

நஸ்ரீனிடம் சொல்லிச் செய்தவை: 'பெயர் இல்லை' இனி முதல் கம்பம், சிவப்பில். அதற்கு மட்டும் டிக் எடுக்கிற வசதியே கிடையாது, நானே கேட்டாலும். முகூர்த்த பில்லில் தறி எண் போடாமல் மிஷின் நகராது. ஸ்டிக்கரை உரிக்கலாம். உரித்ததைக் கதவில் ஒட்டுவது தொடரட்டும்.

மாடி ஏறி அலமாரியைப் பார்த்தேன். நான்காம் தறி, ஒன்றும் இல்லை. ஆவணிக்கு வருகிறோம் என்று சொல்லி வைத்தவர்கள் நாலு பேர். கஸ்தூரி விரல் விட்டுச் சொன்னாள். செய்யாறு, போளூர்...

இப்போது போன். வேலூர் அம்மா. புடவையைப் பார்த்ததிலிருந்து கல்யாணப் பெண்ணின் தங்கை அழுகிறாளாம், அவளுக்கும் அதே கை வேண்டும், ஆவணிக்குள். கஸ்தூரி போனின் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் நீட்டியபடி நிற்கிறாள்.