மேசைக்கும் விளக்குக்கும் நடுவே

16.6.2009, செவ்வாய்

இன்றும் அம்மா தூக்கத்தில் எழுந்து நடந்தாள். இது மூன்றாவது இரவு. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எதையோ ஏந்தியிருப்பதுபோல இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். ஐந்தாவது அடியில் கை விரிந்தது. உடனே குனிந்து தரையைத் தடவினாள். வெறும் தரை. எவ்வளவு நேரம் தடவினாள்!

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

17.6.2009

அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். நர்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் வழியாகவே போய்விடலாம். பிரசவ அறையில் ஆள் இல்லை; ஆயா ராகேல் மாமி மட்டும் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். “ஏட்டி, பத்தாங்கிளாஸ் முடியதுக்குள்ள இங்க என்ன அவசரம்?” என்று சிரித்தாள்.

பிள்ளை பிறந்ததும் மேசையிலிருந்து சூடு விளக்குக்கு அம்மாதான் கையில் தூக்கிப் போவாள். கண்ணாலேயே எண்ணினேன். எட்டு அடி. நம் வீட்டில் கட்டிலுக்கும் அடுப்புக்கும் அதே தூரம்தான்.

இரவு தரையைத் தடவும்போது அம்மா பேசினாள். “தொடைக்காம எடுத்துட்டேன்.”

18.6.2009

இங்கே சனிக்கிழமை பிறந்த, லிஜா அக்காவின் பிள்ளை பால் குடிக்கவில்லையாம். தூங்கிக்கொண்டே இருக்கிறதாம். தலையில் வீக்கம். பிறக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

“அந்தப் பிள்ளையக் கீழ போட்டியா?” என்று அம்மாவிடம் கேட்டேன். என் வாயைப் பொத்தினாள். டெட்டால் வாசனை.

லிஜா அக்காவுக்கு ரத்தம் நிற்கவில்லை, எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்திருந்தார்கள், அம்மா அவசரத்தில் பிள்ளையை ஈரத்தோடு தூக்கியிருக்கிறாள். “எனக்க கையிலேருந்து வழுக்கிட்டு, மக்கா. உடனே அழுதுது. அதான் ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்.”

யாரும் பார்க்கவில்லை. சொன்னால் வேலை போகும், வீடும் போகும். அப்பாவும் இல்லாமல் எங்கே போவோம்?

ஆனால் அந்தப் பிள்ளை?

“நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன்” என்றேன். இன்று அம்மா படுக்கவே இல்லை. இருட்டில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

19.6.2009

விடியுமுன் டாக்டரம்மா வீட்டுக் கதவை அம்மா தட்டினாள்.

27.6.2009

நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையின் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் கீறல், உள்ளே ரத்தக்கட்டு. நேற்றுதான் பால் குடித்ததாம். மாமி சொன்னாள்.

சாயங்காலம் லிஜா அக்காவின் மாப்பிள்ளை கிளீட்டஸ் வந்தார். அம்மா வெளியே போய் நின்றாள். அவர் அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

4.7.2009

நாளை வீட்டைக் காலி செய்கிறோம். பாத்திரங்களைச் சாக்கில் கட்டும்போது பிரசவ அறையில் ஒரு பிள்ளை அழுதது. பிறகு தரையில் சக்கரம் உருளும் சத்தம். புதிதாகத் தள்ளு தொட்டில் வாங்கியிருக்கிறார்கள். இனி யாரும் கையில் தூக்கிப் போகக் கூடாதாம். சத்தம் நிற்கும்வரை அம்மா மூச்சு விடவில்லை. நானும்தான்.

பிறகு அவள் அடுத்த பானையை எடுத்தாள்.