எறும்புக்குச் சொருகிய வேப்பங்கொத்து

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வேகிற வாசனை வந்தால் இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த வாசனையோடு நீ வருகிறாய். செத்த பிறகும் வருகிறாய்.

கெடார் உன் மாமனார் ஊர். என் எண்ணெய் மில்லுக்குக் காய் பேச நீதான் கூட்டிப்போனாய். ஒரு குடியானவர் களத்தில் குவித்துவைத்திருந்த அம்பாரத்துக்கு விலை பேசி முடித்தோம். பேசி முடித்த அம்பாரத்தை வேறு யாரும் கேட்கக் கூடாது என்பதற்காக அதில் வேப்பங்கொத்து சொருகுவது வழக்கம். அன்று அதை உன் கையால்தானே சொருகினாய்? "இனிமே எமனே வந்து கேட்டாலும் இது உன்னுதுடா" என்றாய். நம்பினேன்.

வண்டி கட்டிக்கொண்டு போனால் களம் காலி. குடியானவர் தலையைச் சொறிந்தார்.

"நீங்க மில்ல மூடப்போறீங்கன்னு உங்க சிநேகிதருதாங்க சொன்னாரு. அவரே கூட வெல வச்சி வாங்கிக்கினு போயிட்டாரு."

அந்த வருஷம் காய் கிடைக்காமல் மில்லை நிஜமாகவே மூடினேன். நல்ல வாய் முகூர்த்தம் உனக்கு.

பாவம், குடியானவர் மேல் வழக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. "பேச்சைக் கலைச்சவர் மேலயே நஷ்டஈடு கேக்கலாம். ஆனா பேசி முடிச்சது தெரிஞ்சேதான் கலைச்சாருன்னு காட்டணும்" என்றார் விழுப்புரம் வக்கீல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொத்து சொருகியவனுக்கா தெரியாது?

கூண்டில் ஏறி நீ சொன்னாய்: "எறும்பு வராம இருக்கட்டும்னு சொருகினேங்க. மத்தது எனக்குத் தெரியாதுங்க." வெளியூர்க்கார ஜட்ஜுக்கு எறும்புதான் புரிந்தது. உன் மாமனார் ஊர்க் குடியானவரும் பேச்சை மாற்றிவிட்டார். வழக்கு தள்ளுபடி. பாவி, எப்படியடா உனக்கு வாய் வந்தது?

அப்புறம் ஒரு தரம் கூட்டேரிப்பட்டு டீக்கடையில் கையைப் பிடித்து இழுத்தாய். "கேஸு வேற, நாம வேறடா. ஒரு டீ சாப்டுட்டுப் போ." கையை உதறிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். அது எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.

உன் சாவுக்கு வந்தேன். மாலை போட்டேன். அழவில்லை. கோர்ட்டில் தோற்றதை எப்போதோ விழுங்கியாகிவிட்டது. என்றைக்காவது, பக்கத்தில் யாரும் இல்லாதபோது, என்னிடம் மட்டும் "ஆமாண்டா, தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்பாய் என்று இருந்தேன். அதைச் சொல்லாமலே போய்விட்டாய். கோபம் அப்படியே என்னிடம் இருக்கிறது. திட்டத்தான் ஆள் இல்லை.