மீட்டர் சுவருக்கு வெளியே நின்றது

கணபதிப் பகுதியில் இருக்கும் அந்தப் பட்டறைக்குள் வேலை செய்கிறவர்களின் காதை நாம்தான் கெடுத்தோம். நீயும் நானும் நமக்கு ஆராய்ச்சி வழிகாட்டியான சாரும். என் பங்கு அதிகம், உன் பங்கு குறைவு. செத்துப்போனவன் என்பதற்காக உன் பங்கை நான் தள்ளுபடி செய்யப் போவதில்லை.

இன்று காலை சரவணம்பட்டியில் நம் ஆய்வகத்து அலமாரியைத் திறந்து, சத்தம் அளக்கும் மீட்டரை எடுத்தேன். காற்று அடிக்காமல் இருக்க அதன் தலையில் மாட்டுவோமே, அந்தக் கறுப்பு ஸ்பாஞ்ச் உருண்டை, கை பட்டதும் உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சாணைக்கல்லில் இரும்பு தேயும்போது எழும் கருகல் வாசம் இன்னும் அதில் இருந்தது. இரண்டு வருஷமாக யாரும் அதை வெளியே எடுக்கவில்லை என்று புரிந்தது. நீ போய் இரண்டு வருஷம்.

வார்ப்பு ஆலைகளிலிருந்து வரும் பம்ப் பாகங்களின் பிசிறைத் தேய்த்து எடுக்கும் பட்டறை அது. பக்கத்தில் அடுக்குமாடி வந்தது. குடிவந்தவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று மனுக் கொடுத்தார்கள். பட்டறைக்காரர் கல்லூரியில் நம் துறைக்கு ஓடிவந்தார். இரைச்சல் குறைப்பில் ஆராய்ச்சி செய்யும் இரண்டு பேர், நீயும் நானும், சாருடைய காரில் போய் இறங்கினோம். பட்டறைக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்து, மரியாதை குறையாமல் சொன்னார்.

"உள்ள இருக்கறவங்களுக்குப் பழகிப்போச்சுங்க அம்மணி. வெளிய இருக்கறவங்களுக்குத்தான் இன்னும் பழகலைங்க."

அவர் போனதும் நீ என் பக்கம் குனிந்து, இத்தனை 'ங்க' போட்டு ஒரு மனுசன் இன்னொரு மனுசனைக் கைகழுவ நம்ம ஊரில்தான் முடியும் என்றாய். எதிர்த்த டீக்கடையில் அந்தப் பட்டறை ஆட்கள் பக்கத்தில் நிற்பவனிடமே கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே ரகசியம் பேசினால் காந்திபுரம்வரை கேட்கும் என்றாய். நான் சிரித்தேன். அன்றைக்கு அது எனக்கு வெறும் சிரிப்பு.

வரைபடம் நீ போட்டது. சாணை மெஷின்களைச் சுற்றித் தகர அடைப்பு, அதன் உட்பக்கம் முழுக்க கண்ணாடிப் பஞ்சு. வெளியே போக முடியாத சத்தம் தகரத்தில் மோதி உள்ளேயே திரும்பும், பஞ்சு இருந்தால்தான் அதை விழுங்கும் என்று பட்டறைக்காரருக்கு மூன்று முறை விளக்கினாய். அவர் முதலில் தகரத்தை அடித்தார். காம்பவுண்டு சுவருக்கு வெளியே, மனுக் கொடுத்தவர்கள் பக்கம், மீட்டரை வைத்தோம். எண் சட்டத்தின் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. இனிப் பஞ்சு எதற்குங்க என்று கேட்டார். சார் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுக்குமாடிக்காரர்கள் விழா வைத்தார்கள். சாருக்குப் பொன்னாடை, எனக்குப் பூங்கொத்து. நீ மேடைக்கு வரவில்லை. தேடிக்கொண்டு வந்தபோது அடைப்புக்குள் மீட்டரோடு நின்றிருந்தாய். தேநீர் நேரம், மெஷின்கள் நின்றிருந்தன. அங்கே சாணை பிடிக்கும் ஆறுமுகம் அண்ணன் புதுச் சாணைக்கல் ஒன்றை மாட்டத் தயாராக இருந்தார். மாட்டும் முன் கல்லைத் தொங்கவிட்டு ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் தட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். நல்ல கல் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஓட்டைப் பானை மாதிரி அடங்கிவிடும். அந்தக் கல்லை ஓடவிட்டால் வெடித்து முகத்துக்குத்தான் வரும்.

அவர் தட்டினார். காதருகே வைத்து மறுபடியும் தட்டினார். பிறகு உன்னிடம் நீட்டினார்.

"சார், உங்க காது நல்ல காதுங்க. இது கணீர்ங்குதுங்களா, மொத்துனு கேக்குதுங்களா?"

நீ தட்டிப் பார்த்து நல்ல கல்தான் என்றாய். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாய். அவர் சிரித்தார். பாதி முன்னமே போயிருச்சுங்க, செட்டை அடச்சதுல இருந்து மீதியும் போகுதுங்க, ஊட்ல டிவியை அலற வெக்கறேன்னு தினமும் சண்டைங்க என்றார். நீ சிரிக்கவில்லை. ஒரு வாரம் உள்ளே நின்று அளந்தாய். அடைப்புக்கு முன்பு இருந்ததைவிட உள்ளே சத்தம் கூடியிருந்தது. அதை ஒரு பக்கமாக எழுதி அறிக்கையில் சேர்த்தாய்.

புகார் வெளியிலிருந்து வந்தது, அறிக்கையும் வெளியோடு நிற்கட்டும் என்றார் சார். அந்தப் பக்கத்தை எடுத்தது நான். அந்த அறிக்கையை வைத்து நாம் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை எனக்கு வெளிவர வேண்டியிருந்தது. வேறு எந்தக் காரணமும் இல்லை. நம் வேலையில் வேண்டாததை வடிகட்டி எறிவதற்கு ஆயிரம் கணக்கு இருக்கிறது. அன்று எனக்கு ஒரு கணக்கும் தேவைப்படவில்லை.

கேன்டீனில் வந்து கேட்டாய். "சார் எடுத்தாரா, நீ எடுத்தயா?"

"சார் சொன்னாரு. நான் எடுத்தேன்."

"அப்ப ரெண்டு பேரும்னு சொல்லு. மீட்டர் யாரு பக்கம் நிக்குதுன்னு மொதல்ல பாரு. நம்பரை அப்பறம் பாரு."

எனக்குக் கோபம் வந்தது. உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வைத்திருப்பவனுக்கு மனசாட்சி சும்மா கிடைக்கும், வாடகை வீட்டிலிருந்து வருகிறவளுக்குக் கிடைக்காது என்று கத்தினேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாய். "கெடைக்கறவனாவது பேசோணுமல்ல" என்று மட்டும் சொன்னாய்.

ஆனால் நீயும் பேசவில்லையே. கட்டுரையிலிருந்து உன் பெயரை அடித்தாய், அவ்வளவுதான். தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதியிருக்கலாம். ஆறுமுகம் அண்ணனிடம் அந்தப் பக்கத்தின் நகலையாவது கொடுத்திருக்கலாம். பெயரை அடித்தால் கை சுத்தமாகிவிடும் என்று நினைத்துவிட்டாய். அந்த மழைக்காலத்தில் டெங்கு வந்து ஐந்தே நாளில் போனாய். உன்னோடு மீதிச் சண்டையைப் போட எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அதனால் இப்போது போடுகிறேன்.

போன மாதம் சார் கூப்பிட்டார். நம் அடைப்பு பேர் வாங்கிவிட்டது. இன்னும் பல பட்டறைக்காரர்கள் அதே மாதிரி கேட்கிறார்களாம். அதே தகரம், பஞ்சு இல்லாமல். வடிவமைத்தவள் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும். யோசிக்கிறேன் என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். இன்று மீட்டரை எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போனேன்.

ஆறுமுகம் அண்ணன் இருந்தார். உன்னைப் பற்றி விசாரித்தார். நீ போனது அவருக்குத் தெரியாது. சொன்னேன், கேட்கவில்லை. காதருகே போய்க் கத்தினேன். ஒரு சாவை நான் கத்திச் சொன்னது அதுதான் முதல் தடவை. கையைத் துடைத்துவிட்டுக் கும்பிட்டார். பிறகு, இப்போது கல்லை யார் கேட்டுச் சொல்கிறார்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"தட்டறதையே உட்டுப்போட்டமுங்க அம்மணி. யாருக்குங்க கேக்குது? முருகான்னு மாட்டிப்போட்டு, சுவிச்சைப் போட்டு, கொஞ்ச நேரம் ஒதுங்கி நிக்கறமுங்க."

உள்ளே நின்று அளந்தேன். நீ அன்று எழுதிய பக்கத்தில் இருக்கும் அதே எண்தான் வந்தது. அந்தப் பக்கத்தை நான் கிழித்துப் போடவில்லை என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும். உன் கோணல் எழுத்தோடு இரண்டு வருஷமாக என் பையில்தான் இருக்கிறது. அதைத் தூக்கி எறியவும் தைரியமில்லை, யாரிடமும் காட்டவும் தைரியமில்லை. இன்று இரண்டாவது தைரியம் வந்தது.

மத்தியானம் நான் சாருடைய அறைக்குள் போனபோது பட்டறைக்காரரும் இருந்தார். கூடவே புதிதாக அடைப்புப் போடப்போகும் வேறு பட்டறைக்காரர்கள் இருவர். நீ எழுதிய பக்கத்தை மேசையில் வைத்தேன். அதன் மேலே இன்றைய எண்ணைக் குறித்த தாளை வைத்தேன். பஞ்சோடு நீ போட்ட பழைய வரைபடத்தையும் விரித்தேன். சார் அதைப் பார்க்காமல், கையெழுத்தைப் போடும்மா, மற்றதைப் பிறகு பேசலாம் என்று பேனாவை நீட்டினார்.

நான் வாங்கவில்லை.

"நீங்க நாலு பேரும் நாளைக்குக் காலைல கணபதிக்கு, அந்த அடைப்புக்குள்ள வாங்க சார். கதவைச் சாத்திக்குங்க. ஒரே ஒரு ஷிப்ட், அவங்க நிக்கற எடத்துல நில்லுங்க. அப்பறம் எங்க கையெழுத்துப் போடோணும்னு காட்டுங்க."

நீட்டிய பேனா நீட்டியபடியே இருந்தது. பட்டறைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வருவீங்களா சார்?" என்று இன்னொரு முறை கேட்டேன்.