மிக்ஸிக்கு ரெண்டு ஸ்டார்

என்னங்க,

எழுப்ப மனசு வரல. சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். சாவி ஆணியில தொங்குது.

நேத்து நான் கத்தினது தப்பு. சொன்ன விஷயம் தப்பில்ல. போன்ல பொருளுக்கு ஸ்டார் போடற வேலையாம், சம்பளம் கிரிப்டோவுலயாம், அதை எடுக்க நாம முதல்ல பணம் கட்டணுமாம். பதினோரு வருஷம் ஃபேக்டரியில செக்கிங் பாத்தீங்களே, சம்பளம் வாங்க ஒரு நாளாவது கைக்காசு போட்டீங்களா?

இன்னைக்கும் அந்த ஸ்டார் வேலை மேனேஜர் பணம் கேப்பான், குடுக்காதீங்க. பேங்க் திறந்ததும் போய் போன வாரம் கட்டினதைச் சொல்லுங்க. சைபர் கிரைம்லயும் புகார் குடுங்க. வெக்கப்பட்டு அவன் மெசேஜை அழிச்சிடாதீங்க, அதுதான் சாட்சி. போன பணத்தை மீட்டுத் தரேன்னு எவனாவது ஃபீஸ் கேட்டா, அவனும் அதே கூட்டம்தான்.

காலையில உங்க போனைக் கேக்காம எடுத்து எல்லாத்தையும் படிச்சேன். கோவிச்சுக்காதீங்க. எல்லாத்துக்கும் அஞ்சு ஸ்டார் போடுன்னு அவன் சொல்றான். நீங்க ஒரு மிக்ஸிக்கு ரெண்டே ரெண்டு போட்டு, "படத்துலயே மூடி சரியா உக்காரல"ன்னு காரணம் வேற எழுதியிருக்கீங்க. அவன் திட்டியும் மாத்தல. சிரிச்சு சிரிச்சு கண்ணு கலங்கிடுச்சு எனக்கு.

பி.கு: எங்க தையல் யூனிட்ல கடைசி செக்கிங்குக்கு ஆள் தேடறாங்க. சூப்பர்வைசர் அக்காவுக்கு போன் போட்டு மிக்ஸி கதையைச் சொன்னேன். "அந்த மனுஷன்தான் வேணும், மூணு மணிக்கு வரச் சொல்லு"ன்னாங்க. நீலச் சட்டையைத் தேய்ச்சு மாட்டியிருக்கேன்.

இன்னொண்ணு: சேர்றதுக்குக் காசு எதுவும் கட்ட வேண்டாமாம். கேட்டுட்டேன்.